பதில் வராத இடத்தில் நின்றேன்

மதினி,

அன்று குறுக்குப் பாதையில் இறங்கியவர்கள் நான், என் மகள், அவள் புருஷன், அவள் வயிற்றில் இருந்த பிள்ளை. வேறு யாருமில்லை. ஆள் கணக்கில் நான் தப்பு விடமாட்டேன் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். இன்று கதவைத் திறந்ததும் மார்கழிப் பனி முகத்தில் அடித்தது; எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மண் சரியும் என்று தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த சனமெல்லாம் முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. நிறைமாதக்காரியை நடக்க வைக்க வேண்டாம் என்று நாங்கள் மட்டும் தங்கிவிட்டோம். விடியப்போகும் நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது. மண் விழுந்து ரோடு அடைபட்டு, அம்புலன்ஸ் கீழ்ப் பாலத்தோடு நின்றுவிட்டது. நீங்களும் நானும் நடந்த அந்தப் பழைய பாதையை விட்டால் வேறு வழியில்லை.

இதே மகளை வயிற்றில் சுமந்துகொண்டு நான் அதில் இறங்கியபோது முன்னால் போனது நீங்கள். பனிக்குள்ளிருந்து 'கூ' என்பீர்கள்; நான் திருப்பிக் கூவ வேண்டும். ஒரு வளைவில் வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓடி வந்தீர்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? வலிச்சாலும் பதில் சொல்லு புள்ள. பதில் வராத எடத்துல ஒரு எட்டு வைக்கக் கூடாது."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இதை மருமகனிடம் சொல்லித்தான் அவரை முன்னால் அனுப்பினேன். பாதையோரத்து முனியாண்டி கல்லுக்கு வந்ததும் கூவினேன். பதில் இல்லை. மறுபடியும் கூவினேன். ஓடைச் சத்தம்தான் கேட்டது. மகள் என் கையை நெரித்தாள்.

"நிக்காதீங்கம்மா. என்னால முடியல, போயிருவோம்."

நின்றால் பிள்ளை அங்கேயே பிறந்துவிடும். நடந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. மாரியம்மனைக் கும்பிட்டு, கல்லைப் பிடித்தபடி நின்றேன். மகள் ஏசினாள். என் மனசும் என்னை ஏசியது.

பிறகு குரல் வந்தது, முன்னாலிருந்து அல்ல, இடப்பக்கத்து மேட்டிலிருந்து.

"அத்தை, அங்கனயே நில்லுங்க. பாத இல்ல."

கல்லுக்கு அப்பால் பாதை ஓடையோடு போயிருந்தது. அங்கே விழுந்ததில் மருமகனுக்கு மூச்சடைத்துக் குரல் எழும்பவில்லை. சேற்றிலிருந்து ஏறி, தேயிலைக்குள் சுற்றி வந்திருக்கிறார். அந்த வழியாகவே அவளைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. இருவரும் சுகம்.

நான் ஏன் நின்றேன் என்று மகளுக்குச் சொன்னேன். அப்படியென்றால் பிள்ளைக்கு உங்கள் பேரைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள். நீங்களோ, "என் பேர யாருக்கும் வைக்காதீங்க, கொழுந்துக் கூட சொமந்தே தேஞ்ச பேரு" என்று கண்ணை மூடும் வரை சொன்னவர். அதையும் சொன்னேன். "அப்ப அத்தைகிட்டயே கேளுங்க" என்கிறாள்.

நேற்று தனியாகப் போய், கல்லில் சூடம் ஏற்றி, பனிக்குள் ஒரு தடவை கூவிவிட்டு வந்தேன். பதினாறாம் நாள் பேர் வைக்க வேண்டும். உங்கள் பதில் வராமல் நான் ஒரு எட்டும் வைக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள், மதினி.