மேஜையை உயர்த்தச் சொன்னேன், டம்பெல் கொடுத்தார்கள்

ஜூன் 9, திங்கள்

வலது தோள் இன்றும் எரிகிறது. தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்துக் குறை பார்ப்பது என் வேலை. ஹெப்பாளில் இதே கம்பெனியில் பதினோரு வருடம். புது மேஜைகள் வந்த பிறகுதான் இந்த வலி. என் உயரத்துக்கு அவை ஒரு சாண் தாழ்வு. உயர்த்தித் தரும்படி மூன்று தடவை கேட்டாயிற்று. சூப்பர்வைசர் உமேஷ் இன்று கன்னடத்தில் சொன்ன பதில்: "எல்லாருக்கும் ஒரே மேஜைதாம்மா. உங்க உடம்புக்குத்தான் எக்ஸர்சைஸ் வேணும்."

என் உடம்புக்காம்!

ஜூன் 11, புதன்

கம்பெனி கேண்டீனில் எங்களுக்கு டம்பெல் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கிலோ. சொல்லிக்கொடுப்பவர் சுசித்ரா மேடம். முட்டியை லேசாக மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் குனிய வேண்டும். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் மட்டம் வரை தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். "அக்கா, தோளைக் காதுகிட்ட ஏத்தாதீங்க" என்று என்னிடம் மட்டும் நாலு தடவை சொன்னார்.

நாள் முழுக்கக் குனிந்துவிட்டு வந்தவளை மறுபடியும் குனியச் சொல்கிறார்கள். அதைப் போட்டோ வேறு எடுத்தார்கள்.

ஜூன் 14, சனி

வீட்டில் இரண்டு தண்ணீர் பாட்டிலை வைத்துச் செய்து பார்த்தேன். "என்னுங் பயில்வான், தசராவுக்குக் குஸ்தியா?" என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 19, வியாழன்

சொல்லவே எரிச்சலாக இருக்கிறது — காலையில் தோள் லேசாகத்தான் இருந்தது. டம்பெல் நல்லதுதான். ஆனால் மதியத்துக்குள் மேஜை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறது. சுசித்ரா மேடத்தை என் மேஜைக்கு அழைத்துப் போய், குனிந்து நின்று காட்டினேன்.

"அய்யோ, வகுப்புல நிக்கறதும் இப்படித்தானே அக்கா! அங்க பன்னெண்டு தடவை. இங்க நாள் பூராவா?"

உமேஷிடமும் சொன்னார். "நோடோணா, பார்க்கலாம்" என்றானாம்.

ஜூன் 23, திங்கள்

பார்த்துவிட்டான். கையில் ஒரு கடிதம் கொடுத்தான். இந்த மாதத்துக்குள் தோள் சரியாகாவிட்டால் என்னை நூல் வெட்டும் ஹெல்பராக மாற்றுவார்களாம். பதினோரு வருசம்! ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலும் புடிக்கிற கண்ணு இது. நான் என்ன தப்புப் பண்ணேன்? மேசை தாழ்வுன்னு சொன்னது தப்பா?

ஜூன் 25, புதன்

லீவு போட்டேன். சரக்கு லாரி ஏறுகிற நாள் என்று தெரிந்தேதான் போட்டேன். கையைத் தூக்க முடியவில்லை என்பதும் நிஜம். கம்பெனியிலிருந்து ஆறு போன். எடுக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

பக்கத்து மேஜை மாதம்மாளும் எங்கள் ஹனூர்ப் பக்கம்தான். காலையில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். "நேத்து ஆளில்லாம உம்பட மேசையில அந்த உமேசேதான் நின்னு சட்டை பாத்தான் வடிவு. அவன் உன்னவிட ஒசரமில்ல? மூணு மணிக்கெல்லாம் கழுத்தப் புடிச்சுட்டு உக்காந்துட்டான்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஹெப்பாள் வரும்வரை சிரித்தேன்.

ஜூன் 28, சனி

என் மேஜையின் நாலு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

டம்பெல் வகுப்பில் என் பக்கத்தில் உமேஷ். குனிந்து டம்பெல்லைத் தூக்கியதும் அவன் தோள் இரண்டும் காதுக்குப் போய்விட்டன.

"தோளை இறக்குங்க சார்" என்றேன்.

இறக்கினான்.

"மாசம் முடிஞ்சுபோச்சு. அந்த லெட்டர் என்ன ஆச்சு?"

"கிழிச்சுப் போடுங்கம்மா" என்றான், குனிந்தபடியே.

கிழிக்கவில்லை. இந்த டைரியில்தான் வைத்திருக்கிறேன்.