நந்தியாவட்டை வேலியில் புழு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பயப்படாமல் படி, நல்ல சேதிதான்.

நமக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நந்தியாவட்டை வேலியில் புழு விழுந்துவிட்டது. விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண், வாலில் ஒரு கொம்பு. அது பொய்க் கண்ணாம். ஆனாலும் அது முறைக்கிற முறைப்பில் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையெல்லாம் போய் வெறும் குச்சி நின்றது. நீ அந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் காலம் தள்ளியதே அந்த வேலியின் தயவில்தான். இப்போது நான் துணி காயப்போட்டால், நேர் எதிரே உன் மாமியார் பாத்திரம் தேய்க்கிறார். பார்வையை எங்கே வைத்துக்கொள்வது?

ஒரு காலையில் வாளி நிறைய சோப்புத் தண்ணீரோடு போய், இடுக்கியால் ஒன்றைப் பிடித்தேன். அது நெளிந்து என் கைமேலேயே விழுந்தது. நான் போட்ட கூச்சலில் உன் மாமியார் ஓடி வந்து, குச்சிகளுக்கு நடுவே கையை விட்டு அதை எடுத்து வாளியில் போட்டார். "ஒரு புழுவுக்கா இந்தக் கத்து கத்துறீங்க? புள்ளை பெத்தவங்கதானே நீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும். சிரித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

கீழே மிளகு போல எச்சம் கிடந்தால் நேர் மேலே புழு இருக்கும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். தினமும் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்பாவும் உன் மாமனாரும் ஜன்னலோடு நின்று வேடிக்கை பார்த்தவர்கள், ஆளுக்கொரு வாளியோடு இறங்கிவிட்டார்கள். பேச்சு மூச்சு கிடையாது. அடுத்தவர் வாளியை எட்டி எட்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் அப்பா பொறுக்க முடியாமல், "பெருசெல்லாம் உங்க பக்கமே போயிடுதே, சம்பந்தி!" என்றார். என்ன சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. உன் மாமனார் துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு உங்க பக்கம் அனுப்பி வைக்கிறேன், சம்பந்தி" என்றார்.

வேலி மறுபடி துளிர்த்துவிட்டது. நடுவில் இரண்டு செடி மட்டும் பிழைக்கவில்லை. புதிதாக வைக்கலாமா என்றேன். "வேணாம், போக வர வழி இருக்கட்டும்" என்கிறார் அப்பா.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். எந்த வீட்டு வாசலில் இறங்கினாலும் சரி. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. 'மாப்பிள்ளை' என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசி.

இருவரும் நன்றாக இருங்கள்.

வழிபார்த்திருக்கும்,
அம்மா