மல்லிகைப்பூவை அவிழ்த்துப் போடு

கும்மிடிப்பூண்டி
9-8-1976

அன்புள்ள பச்சையம்மாவுக்கு உன் மணவாளன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அம்மாவும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் ஒரு நாள் லீவு போட்டால் கம்பெனியே நின்றுவிடுகிறது.

அப்படியும் போன வாரம் லீவு போட்டு, கூட வேலை செய்யும் மோசஸுக்குத் துணையாக மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவே எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். மோசஸ் சம்சாரம் ஞானம்மாவுக்கு மார்பில் கட்டி.

"வலியே இல்லம்மா, அதான் உட்டுட்டேன்" என்றாள்.

"வலிக்காத கட்டியத்தாம்மா மொதல்ல காட்டணும். சீக்கிரம் வந்தா அறுத்து எடுத்துப் பொழைக்க வெக்கலாம். லேட்டா வந்தா?" என்று டாக்டரம்மா அதட்டினார்.

நீயும் எழுதியிருந்தாயே, மார்பில் பால் கட்டிக்கொண்டது, வலியில்லை, பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிறேன் என்று. சின்னவன் மூன்றாவது படிக்கிறான். இப்போது ஏது பால்?

டாக்டரம்மாவிடம் கேட்க வாயைத் திறந்தேன். கலெக்டரையே மடக்கிப் பேசிய எனக்கு, 'என் சம்சாரத்துக்கும்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பூவை அவிழ்த்துப் போடு. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் திருவள்ளூர் வா, ஸ்டேஷனில் நிற்பேன். மாற்றுப்புடவை இரண்டு எடுத்துக்கொள். கொஞ்சம் ஊறுகாயும் கொண்டுவா, நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். பயப்படாதே. ஆனால் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போடாதே.

மணவாளன்