வெள்ளிக்கிழமை வர வேண்டாம்

ராஜபாளையம்
13.11.1991

அன்புள்ள செல்லக்கனிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளையும் மாமா அத்தையும் நலமா? பாப்பா குப்புற விழுந்துவிட்டாள் என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது! ஆபீஸில் அத்தனை பேருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நாலு மாதத்தில் எல்லாப் பிள்ளையும் விழத்தான் செய்யும் என்று காளிராஜ் கேலி செய்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

ஆனாலும் நீங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டாம். பதறாதே, முழுவதும் படி. தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் வரும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கண்டக்டர் காமராஜிடம் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை நம் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று எங்கள் நகராட்சி ஆபீசர் உத்தரவு போட்டார். ஆட்டோவில் மைக் பிடித்துச் சொன்னது யார் தெரியுமா? உன் புருஷன்தான்! தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, விறகுக்கு எங்கே போவது என்று பெண்கள் மறித்துக்கொண்டார்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது, தளதளவென்று கொதித்தால்தான் சாகும், மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், நல்ல தண்ணீர் என்று தாள் வரும்வரை பொறுங்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன்.

நேற்று, எங்கே கெட்டது என்று வீடு வீடாகத் தேடினேன். சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும்; அழுக்கு கலந்த இடத்தில் குளோரின் தீர்ந்துபோய் நிறம் வராது. தெருமுனையிலிருந்து மஞ்சள், மஞ்சள், மஞ்சள். கண்டுபிடிக்கப் போகிறேன் என்று எனக்கு ஒரே துள்ளல். நம் வீட்டுக் குழாயில்தான் நிறமே வரவில்லை.

பாப்பா வந்தால் தண்ணீர் தாராளமாக வேண்டுமே என்று, போன வாரம் வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தியிருந்தேன். பள்ளத்தில் தண்ணீர் நன்றாக விழும். சனிக்கிழமை மழையில் சாக்கடை வழிந்து அந்தக் குழி நிறைந்திருக்கிறது. மேலே தொட்டியில் தண்ணீரை நிறுத்தியதும், திறந்திருந்த நம் குழாய் அந்த அழுக்கைத் தெருக் குழாய்க்குள் உறிஞ்சிவிட்டது. குழி தோண்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நகராட்சித் தண்ணீர்க் குழாய் பிட்டர் நான்!

உண்மையைச் சொல்கிறேன், யாரும் பார்க்குமுன் மூடிவிடலாம் என்றுதான் முதலில் மண்வெட்டியை எடுத்தேன். மனசு கேட்கவில்லை. ஆபீசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு பெத்தம்மாள் அக்காவின் கடைசி மகனுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்று காலையில் கஞ்சி குடித்துவிட்டான்! அக்காவிடமும் நடந்ததைச் சொன்னேன். ஏசட்டும் என்றுதான் நின்றேன். அவளோ, "ஒம் பிள்ளைய எப்ப கூட்டிட்டு வாரே?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

குழியை மூடியாயிற்று. குழாய் முழுவதும் குளோரின் விட்டுக் கழுவுகிறோம். தாள் வந்த அன்றே வண்டி பிடித்து வருகிறேன். அங்கேயும் கொதிக்கவைத்தே குடி, எனக்காக.

இங்கே வந்ததும், நம் வீட்டுப் படி ஏறுமுன் பாப்பாவை அக்கா மடியில் கொண்டுபோய்க் கொடு. நான் உன் பின்னால் நிற்கிறேன். தனியாக அக்கா வாசலுக்கு இன்னொரு தடவை போக எனக்குத் தைரியமில்லை.

நம் பாப்பாவும் அந்தப் பையனும் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

உன் அன்புள்ள,
இருளப்பசாமி