வூட்டிலிருந்து வூட்டுக்கு எத்தனை மணி

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை 6.20. உன் வாடகைக் காரின் டேஷ்போர்டில் கிடந்த நோட்டில் மொத்தம் 118 பயணங்கள். இரண்டு முறை எண்ணினேன். மஞ்சள் காமாலையில் நீ போய் நான்கு மாதமாகிறது. நோட்டில் இன்னும் உன் பாக்கு வாசனை. நேற்று உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்கோங்கண்ணா. உங்க ரெண்டு பேருக்குந்தான் இந்த நிமிசக் கணக்குப் பைத்தியம்."

எனக்குப் பைத்தியம்தான். உன்னுடையது வேறு என்று 57ஆம் வரியைப் பார்த்ததும் புரிந்தது.

அந்த வரியை நீ எழுதிய நாள் விடிகாலை, கொச்சி பக்கத்து ஆலுவாவிலிருந்து அக்கா அழைத்தாள். அவள் வீட்டுக்குப் போயிருந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி. பகல் ஒரு மணிக்கு ஆபரேஷன். உள்ளே போகும் முன் என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா அடம். பொம்மிடி ஸ்டேஷன் எதிரே கார் துடைத்துக்கொண்டிருந்த உன்னிடம் ஓடிவந்து போனை நீட்டினேன். சேலம் ஏர்போர்ட்டிலிருந்து கொச்சி ஏர்போர்ட் நேர்கோட்டில் ஏறக்குறைய 255 கிலோமீட்டர். ஏறி இறங்குவதோடு சேர்த்து விமானத்தில் ஐம்பது நிமிடம். சேலத்தில் விட்டால் போதும் என்றேன்.

"இன்னைக்கு என்ன கெழம மாப்ள?"

"செவ்வாய்."

"செவ்வாக்கெழம அது பறக்காது. கிலோமீட்டரப் பாத்த, கெழமயப் பாத்தியா? ஏறு."

நான் படித்தது இன்ஜினியரிங். அன்று பறக்காத விமானத்துக்கு நிமிடம் பிசகாமல் கணக்குப் போட்டிருந்தேன்.

சேலம் தாண்டியதும் இன்னும் எவ்வளவு நேரம் என்று பிடுங்க ஆரம்பித்தேன். "வாளையாறு வரட்டும், சொல்றேன்" என்றாய். கேரள எல்லையில் வாளையாறு வந்ததும் சொன்னாய்: "பன்னெண்டே காலுக்கு உங்கம்மா மூஞ்சியப் பாப்ப." 12.10க்குப் பார்த்தேன். அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்து, "பல்லுகூட வெளக்கலியாடா ரெண்டு பேரும்?" என்றாள்.

"உங்க பையன் பிளேன்ல வரேன்னாருங்கம்மா. அதான் லேட்டு" என்றாய். சிரித்துக்கொண்டேதான் அம்மா உள்ளே போனாள்.

உன் நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "பொம்மிடி 5.20. அம்மா கட்டில் 12.10." நோட்டில் எங்குமே ஏர்போர்ட் பெயர் இல்லை. அங்கே இறக்கிவிட்டவர்களுக்கும் பிறகு போன் போட்டு, அவர்கள் வீடு சேர்ந்த நேரத்தைக் கேட்டு எழுதியிருக்கிறாய். வெட்டி வேலை என்று நான் கிண்டல் செய்தபோது நீ கோபப்படவில்லை. "அவங்க வூட்டுக்குப் போனாத்தான்டா என் சவாரி முடியும்." இத்தனை சுத்தமான அளவை என் வேலையில் நான் பார்த்ததில்லை.

இந்த வாரம் அம்மாவுக்கு ஆலுவாவில் செக்கப். ஏழு மணி நேரம் இனி அவளால் காரில் உட்கார முடியாது; டாக்டர் விமானத்தில் வரச் சொல்லிவிட்டார். உன் மனைவி போன மாதம் லைசென்ஸ் எடுத்தாள். "ஏர்போர்ட்டுக்கு அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்ணா" என்கிறாள். அவளுக்கு இதுதான் முதல் சவாரி.

ஆகவே:

1. முதலில் கிழமையைப் பார்ப்பது. கிலோமீட்டர் அப்புறம்.

2. நோட்டைத் திரும்ப உன் டேஷ்போர்டிலேயே வைப்பது. அவள் ஓட்டும்போது வழி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வருவது.

3. அக்கா வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றியதும் உன் மனைவிக்குப் போன் செய்து நேரம் சொல்வது. 119ஆம் வரியை அவளையே எழுதச் சொல்வது.