ஆணித் தராசில் பூஜ்யம்

மார்ச் 3, ஞாயிறு

மனைவி மலையேறும் கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு எனக்கு வீட்டுக்காவல். இன்று திரும்பி வந்தவள் காலணியைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த தடவை நீங்களும் வர்றீங்களா?" என்றாள். சும்மா கேட்ட மாதிரிதான். ஆனால் பதில் வரும்வரை இரண்டாவது காலணியைக் கழற்றவில்லை. வருகிறேன் என்றேன்.

"கடையைத் தூக்கிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க."

இரும்புக்கடைக்காரனிடம் பேசுகிற பேச்சா?

மார்ச் 6, புதன்

மதியம் கடையில் ஈ, காக்கை இல்லை. மலைக்கு வேண்டியதைக் கல்லா மேல் பரப்பினேன். கைக்கோடரியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்; அவ்வளவு புத்தி இருக்கிறது. வேட்டைக் கத்தியைத்தான் கீழே வைக்க மனமில்லை. "கனம் பாருங்க, அதுதான் சரக்கு" என்று சொல்லிச் சொல்லியே விற்றவன் நான். இன்று என் வாய்க்கு நானே வாடிக்கை.

மடக்குக் குறடு, திருப்புளி, சாணைக்கல் துண்டு, இடுக்கி, கம்பிச் சுருள், இன்னும் பத்துப் பன்னிரண்டு உருப்படி – சில்லறைச் சாமான்களை ஒவ்வொன்றாக, ஆணி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். குறட்டைத் தவிர எல்லாம் பூஜ்யம். பூஜ்யம்தானே, போகட்டும் பைக்குள்.

மார்ச் 10, ஞாயிறு

ஒத்திகைக்காக ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் ஏறினோம். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இவள் திரும்பிப் பார்த்தாள், நின்றாள், என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். திட்டியிருக்கலாம்.

இறங்கும்போதுதான் சொன்னாள். "முடியாதவங்களைப் பாதியில திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களை அனுப்பினா நானும் இறங்கணும். அப்புறம் உங்களைக் கூப்பிடவே மாட்டேன்."

சண்டைக்குப் போகவில்லை. நியாயம் அவள் பக்கம். கூப்பிடவே மாட்டாளாமே?

மார்ச் 11, திங்கள்

பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். சமையலறைத் தராசைக் கொண்டுவந்தாள்.

"இதெல்லாம் பூஜ்யம்னீங்க?"

"கடைத் தராசு அப்படித்தான் காட்டிச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐம்பது கிராமுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாத தராசு அது. நாலு ஆணி கூடப் போனால் போகட்டும் என்று நானே பார்த்து வாங்கியது! சமையலறைத் தராசில் என் பூஜ்யங்கள் மட்டும் அரைக் கிலோவைத் தொட்டன.

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்ல வியாபாரி போங்க!" எனக்கும் அடக்க முடியவில்லை.

மார்ச் 14, வியாழன்

மலையில் நான் எதைத்தான் வெட்டப்போகிறேன்? கயிறு, பிளாஸ்திரி, ரொட்டி. இதற்கு எருமைத்தோல் உரிக்கிற கத்தியா? விரல் நீள அலகுள்ள மடக்குக் கத்தி போதும். துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விரல் போய்விடும். கைப்பிடி மெல்லிசாக இருந்தால் குடியா முழுகிவிடும்? கூட ஒரு குட்டிக் கத்திரிக்கோல்.

குறட்டை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். யாராவது கேட்டால்? கேட்ட சாமானை அடுத்த தெருவுக்கு ஓடியாவது வாங்கிவந்து கொடுத்தவன் நான். இல்லை என்று எவனையும் திருப்பி அனுப்பியதில்லை. அப்படித்தான் கடை வளர்ந்தது.

கடைசியில் குறட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 24, ஞாயிறு

உச்சிக்குப் போய்விட்டேன். கடைசி ஆளாகத்தான், ஆனாலும் என் காலால்!

போகும் வழியில் ஒரு கூத்து. கூட்டத்தை நடத்துகிற பல் டாக்டரின் மடக்குத் தடி இணைப்பில் லொடலொடத்தது. நேரே என்னிடம் வந்தார். "அண்ணே, இரும்புக்கடை இருக்கும்போது எனக்கென்ன கவலை? ஒரு திருப்புளி குடுங்க."

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது; மடக்குக் கத்திதான் வந்தது.

"இல்லை" என்றேன்.

"சரி, அந்தக் கத்தி முனையால திருகுங்களேன்."

"முனை ஒடிஞ்சிரும். தர மாட்டேன்."

டாக்டரிடம் பிளாஸ்திரி இருந்தது. என் கத்திரிக்கோலால் நறுக்கி இணைப்பில் சுற்றி இறுக்கினோம். கீழே இறங்கும்வரை அசையவில்லை.

இவள் காதோரம் வந்து, "உங்க வாயில 'இல்லை'ன்னு வந்ததை இன்னைக்குத்தான் கேக்கிறேன்" என்றாள். உச்சியில் கேட்காமலேயே என் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து ஆப்பிளை வெட்டினாள். பெரிய பாதி எனக்கு.

ஏப்ரல் 12, வெள்ளி

அடுத்த நடைக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தி அவள் பையில். கத்திரிக்கோல் மட்டும் என் பையில்.