சரிவுப் பலகையின் குறுக்குச் சட்டங்களை அகற்றக் கோரி

அனுப்புநர்
திருமதி நீலாவதி சொக்கலிங்கம்,
டெலானிபூர், போர்ட் பிளேயர்.

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
போர்ட் பிளேயர்.

பொருள்: அரசு பெண்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை செல்வி சொ. இந்திராணியைப் பள்ளி நூலகத்திற்கு மாற்றும் ஆணையை நிறுத்தி, ஆய்வுக்கூடத்தை அவர் பயன்படுத்தும்படி செய்து தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்திராணி என் மகள். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, ஊன்றுகட்டைகளுடன் நடப்பவள். அரசு ஊழியையான அவள் தலைமையாசிரியரைத் தாண்டித் தங்களுக்கு எழுத விதி இடம் தரவில்லை. எனக்கு அத்தடை இல்லை.

2. ஆய்வுக்கூடம் மேட்டில், படிகளுக்கு மேல் உள்ளது. அவள் கேட்டதன் பேரில் சரிவுப் பலகை போடப்பட்டது, அதற்கு நன்றி. ஆனால் அதைச் செய்தவர்கள் படகுத்துறைத் தச்சர்கள். கப்பலேறும் பலகையைப் போலவே குறுக்குச் சட்டங்களை வரிசையாக அடித்துவிட்டார்கள், கைப்பிடியும் வைக்கவில்லை. வெறுங்காலுக்கு வழுக்காமலிருக்க உதவும் சட்டம், ஊன்றுகட்டையைத் தடுக்கும். சென்ற மாத மழையில் அவள் தடுக்கி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது.

3. தலைமையாசிரியரைச் சந்தித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பலகையும் போட்டுக் குடுத்தாச்சு. இதுக்கு மேல நாங்க என்ன பண்றதும்மா?” மறுவாரமே, ஆய்வுக்கூடத்திற்கு ஏற இயலாதவர் என்று காரணம் காட்டி மாற்றல் ஆணை வந்தது.

4. கடற்கரைப் பாடத்தின்போது ஆசிரியை படகை விட்டு இறங்கவில்லை என்பதும் ஆணையில் ஒரு காரணம். உண்மைதான், இறங்கவில்லை. வற்றுநீரில் பவளப்பாறை மேல் ஊன்றுகட்டை நிற்காது. கடைக்காரர் மீரான் தம் சிறு படகை இரவல் தந்தார். மாணவிகள் நட்சத்திர மீனையும் கடல் அட்டையையும் வாளியில் கொண்டுவந்து காட்ட, அவள் படகிலிருந்தே விளக்கினாள். பிறகு, எடுத்த கல்லின் அடியிலேயே அவற்றை விட்டுவரச் செய்தாள். பாடம் நடந்ததா என்று தயவுசெய்து மாணவிகளைக் கேளுங்கள்.

5. நான் கோருபவை: குறுக்குச் சட்டங்களைப் பிடுங்கி, இருபுறமும் கைப்பிடி வைக்க வேண்டும். ஒரு மேசையின் கால்களை, உட்கார்ந்து வேலை செய்யும் உயரத்திற்கு அறுக்க வேண்டும். விலையுயர்ந்த படாக் மரமாயிற்றே என்று தயங்க வேண்டாம். கடற்கரைப் பாடத்திற்குப் படகை அனுமதிக்க வேண்டும். இவை முடியும்வரை மாற்றல் ஆணையை நிறுத்தி வைக்க வேண்டும்.

6. இதன் ஆங்கில வடிவம் தங்கள் குமாஸ்தாக்களுக்காக இணைக்கப்பட்டுள்ளது. பிழையிராது, கன்னிமார் மடத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் நான்.

இரக்கம் கேட்டு எழுதவில்லை. ஆணை நடைமுறைக்கு வருமுன், மழை பெய்யும் ஒரு காலையில் தாங்களே வந்து, இரு ஊன்றுகட்டைகளுடன் அந்தப் பலகையில் ஏறிப் பாருங்கள். கட்டைகளை நான் கொண்டுவருகிறேன்.

இடம்: போர்ட் பிளேயர்
நாள்: 4-8-1969

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நீலாவதி சொக்கலிங்கம்